ஆயுத பூஜையில் நான் அணைத்த இன்குபேட்டர்

புற்றுநோய் செல்லைச் சாகடிக்க உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒரே விரலால் அதைச் செய்தவள். விருது எதுவும் வரவில்லை.

அப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிறிய ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதம். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கை வாங்கி, கூழ் மாதிரியான ஜெல்லில் பதித்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டரில் வளர்ப்போம். மருந்தை ஆளுக்குக் கொடுக்குமுன் இவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் (இவற்றுக்கு வாந்தி வராது, முடி கொட்டாது). நுண்ணோக்கியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி கண்ணாடியாய் மிதக்கும். காபி ஆறிப்போகும், பஸ் போய்விடும், நான் கிறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொல்ல வேண்டிய சனியன் இவ்வளவு அழகாகவா இருக்கும்?

அதில் ஒரு வளர்ப்புத் தட்டு தனலட்சுமி அக்காவின் கட்டியுடையது. அம்மாபேட்டையில் டிபன் கடை வைத்திருந்தார். நோய் திரும்பி வந்திருந்தது. எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்கு ஒரு துப்பாவது அந்தத் தட்டிலிருந்து கிடைக்கலாம்.

ஆயுத பூஜை வந்தது. எனக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. அப்பாவிடம் போர்வெல் தோண்டும் ரிக் வண்டி இருந்தது. அன்றைக்கு ரிக், மோட்டார், அம்மாவின் மிக்ஸி வரை பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுவோம். பொட்டு வைத்ததை ஓட்டினால் எங்கள் வீட்டில் பாவம். அந்தப் பழக்கத்தில் இன்குபேட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டு, பக்தியோடு அணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலில் சோளக்காடு ஓட, என் ஜவ்வரிசிகளை நினைத்துக்கொண்டே தூங்கினேன். (அடிப்பாவி!)

மூன்றாம் நாள் வந்து பார்த்தால் எல்லாம் கறுத்து நொறுங்கிக் கிடந்தன. ஆய்வகத்தை நடத்தும் மேடம் திட்டியதை எழுதினால் தாள் கருகிவிடும். உறைய வைத்த மிச்சம் கொஞ்சம் இருந்தது. ஆனால் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோய் காத்திருக்குமா என்று கேட்டார்.

முடிவு கேட்க வந்த அக்கா வெளியே உட்கார்ந்திருந்தார். நானே போய் அழுதுகொண்டே சொன்னேன்.

"சுவிட்சை அணைச்சதும் செத்துப் போச்சுங்களா கண்ணு? எனக்குள்ள இருக்கறதுக்கும் ஒரு சுவிட்ச் இருந்தாத் தேவலைங்க" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது.

மறுபடி வளர்த்தோம். ஒரு மருந்துக்கு அவை சுருங்கின. டாக்டர் யோசித்து அதையே கொடுத்தார், அக்காவுக்கும் கேட்டது. (எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.)

இன்றும் ஆயுத பூஜையன்று என்னை ரிக் பக்கம் அண்டவிடாமல் அப்பா கேலி செய்வார். அக்காவும் தவறாமல் போன் செய்வார். "என்னோடதை அணைச்சாச்சு கண்ணு. அடுத்தவங்களோடதை எப்ப அணைக்கப் போறீங்க?"