பிரம்லிக்குப் போர்த்திய பொன்னாடை

மனித நாகரிகத்தில் மகத்தான நிகழ்வுகள் மூன்று. நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, 1987 ஒக்டோபரில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு அம்பிளிஃபயருக்குப் பொன்னாடை போர்த்தியது. முதலிரண்டையும் செய்தவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதைச் செய்தவர் குலசிங்கத்தார்.

குலசிங்கத்தார் வாரத்தில் ஐந்து நாள் மிசிசாகாவில் அட்டைப்பெட்டி செய்கிற ஃபாக்டரியில் வேலை செய்தார். அங்கே மெஷின் போடுகிற சத்தத்தில் அவர் வாய் திறந்தும் பிரயோசனமில்லை. மிச்ச இரண்டு நாளும் அவர் ‘அகில ஸ்காபரோ தமிழர் பெருமன்ற’த்தின் தலைவர். ஐந்து நாள் அடக்கியதை இரண்டு நாளில் பேசித் தீர்க்கிற பாரிய பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது, பாவம்.

மன்றத்தில் சீமோன் என்றொரு உறுப்பினன். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், மின்சாரக் கிற்றார் வாசிப்பான். குயின் வீதிப் பழைய சாமான் கடையில் ஒரு அம்பிளிஃபயர் வாங்கியிருந்தான். இங்கிலாந்தில் செய்தது; முகப்பில் ‘பிரம்லி’ என்று பித்தளை எழுத்து. நாலு வருஷப் பிரிவுக்குப் பிறகு மனைவி வேரோனிக்கா போன மாதம்தான் வந்திறங்கியிருந்தாள். அவளுக்கென்றே ஒரு மெட்டுப் போட்டு வைத்திருந்தான். ஆனால் வீட்டில் வாசிக்க வழியில்லை. பெட்டியில் கொழுவி ஒரு தந்தியைத் தொட்டாலே கீழ்வீட்டுக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடிப்பாள்.

ஒருநாள், இருவரும் குடியிருந்த மாடிக் கட்டடத்து லிஃப்ற்றில் குலசிங்கத்தாரைப் பிடித்துக் கெஞ்சினான்.

“அண்ணை, ஆண்டு விழாவிலை எனக்கு ஒரு பாட்டுக்கு இடம் தாங்கோ. அவள் கேக்கவேணும். ஒண்டே ஒண்டு.”

“தாறன். உன்ரை பெட்டியை விழாவுக்குத் தா. மைக் கொழுவலாமோ?”

“கொழுவலாம். ஆனா உது கிற்றாருக்கெண்டு செய்தது, அண்ணை.”

“உதின்ரை வரலாறு என்ன?”

பதினாலாம் மாடி வருவதற்குள் சீமோன் சொல்லி முடித்தான். லண்டனில் ரேடியோ திருத்துகிற பிரம்லி என்றொருவர். மேளச் சத்தத்தில் எங்கள் கிற்றார் எடுபடுகுதில்லை என்று பெடியள் வந்து முறையிட்டார்கள். அவர் ஒரு பெட்டி செய்தார். பிறகு இன்னும் பெரிய பெட்டி. மலிவுப் பெட்டிகள் வந்ததும் கொம்பனியை மூடிவிட்டார்.

“அவ்வளவுதான், அண்ணை.”

‘அவ்வளவுதான்’ என்ற சொல் குலசிங்கத்தாருக்குப் பிடிக்காத சொல். அன்றிரவே ஆய்வில் இறங்கினார். ‘பிரம்லி நிறுவனத்தின் தோற்றமும் வளர்ச்சியும்: ஒரு தமிழர் பார்வை’ பிறந்தது.

விழா ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மங்கள விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை, ஆய்வுரை. கடைசியில் ‘நேரமிருப்பின் கலை நிகழ்ச்சி’. கலைக்கு மன்றம் என்றைக்கும் கதவடைத்ததில்லை பாருங்கள்.

வேரோனிக்கா கடைசி வரிசையில், இரவல் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலைவரின் மனைவி கமலாம்பிகை அம்பிளிஃபயருக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். குலசிங்கத்தார் பொன்னாடையை விரித்து, பெட்டியை முன்னும் பின்னும் இழுத்து மூடிப் போர்த்தினார். சீமோன் பதறி ஓடிவந்தான்.

“அண்ணை, பின்பக்கத்தை மூடாதேங்கோ! உள்ளுக்கை பழைய ரேடியோ மாதிரி வால்வு. சூடேறும். காத்துப் போகவேணும்.”

“போர்த்தின பொன்னாடையைச் சபையிலை வைச்சுக் கழட்டுறதோ? உனக்கென்ன விசரே?”

சபைக்கும் அது நியாயமாகவே பட்டது. பொன்னாடைக்குள் வியர்த்து ஒழுகியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஒருவராவது கழற்றியதுண்டா?

பெட்டியில் கொழுவிய மைக்கில் ஆய்வுரை சோழர் காலத்தில் தொடங்கியது. லண்டனுக்கு வந்துசேரவே முக்கால் மணி நேரம் பிடித்தது.

“கிற்றார்க்காரன் வந்து அழுதான்! பிரம்லியின் நெஞ்சு உருகியது! எளியவனின் நாதம் பெரிய சத்தத்தில் அமுங்கிப் போகக்கூடாது என்பதற்காகவே இந்தப் பெட்டி பிறந்தது!”

சொல்லிவிட்டுக் குலசிங்கத்தார் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். மேடையோரம் கிற்றாரும் கையுமாக நின்ற சீமோன், முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினான். முடியவில்லை. இன்னும் முதலாவது பெட்டிதான் ஆகியிருந்தது.

உரை பெரிய பெட்டிகளுக்கு வந்தபோது மண்டபத்தில் ஒரு மணம் பரவியது. சாம்பிராணி என்று நினைத்துக் கமலாம்பிகை கைகூப்பினார். பின்னால் இருந்தவர்களும் கூப்பினார்கள். அடுத்த கணம் பொன்னாடைக்குள்ளிருந்து புகை கிளம்பியது. ‘டப்’ என்றொரு சத்தம். பிரம்லி அடங்கினார்.

சீமோன் பாய்ந்து வயரைப் பிடுங்கிப் பொன்னாடையை இழுத்தெறிந்தான். உள்ளே எல்லாம் கருகிக் கிடந்தது. ஒன்பது மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் மேடை நடுவில் நின்று வாசித்தான். விரல்கள் ஓடின, காதோரம் நுளம்பு இரைகிற அளவுக்குத்தான் சத்தம். கடைசி வரிசையில் வேரோனிக்கா எழுந்து காதோரம் கையைக் குவித்துக்கொண்டு நின்றாள்.

இந்தச் சோகத்தைத் தலைவரால் தாங்க முடியவில்லை. சீமோனுக்கு முன்னால் வந்து நின்று, மைக் இல்லாமலே இரங்கலுரையைத் தொடங்கினார்.

“பிரம்லியே! நீ மறைந்தாலும் உன் தொண்டு மறையாது!”

ஒன்பது மணிக்குக் காவலாளி வந்து லைற்றை அணைக்கும்வரை பேசினார். இருட்டிலும் ஒரு வசனம் பேசினார்.

மண்டபத்தை விட்டு வெளியேறும்போது, வாசலில் வேரோனிக்காவைக் கண்டு நின்றார். அவளும் சீமோனும் கருகின பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளை, நீர் கடைசி வரிசையிலை எல்லோ இருந்தனீர்? மைக் இல்லாமல் நான் பேசினது கேட்டதோ?”

“ஓம் அண்ணை. ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது.”

குலசிங்கத்தாருக்கு நெஞ்சு நிறைந்தது. கமலாம்பிகையைப் பெருமையோடு பார்த்தார்.

“அப்ப ஏன் அண்ணை,” என்று கேட்டாள் வேரோனிக்கா, “இவரிட்டை இருந்து இந்தப் பெட்டியை வாங்கினனீங்கள்?”