கிழட்டுக் கம்ப்யூட்டரும் மூன்று காவல்காரர்களும்

'இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை' என்று திரையின் மூலையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்து நின்றது. தலைமை எழுத்தர் பதறிப்போனார்.

"தொடாதேம்மா! கையை எடு!"

போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த டைப்பிஸ்ட் கையை எடுத்தாள். தலைமை எழுத்தரின் இடமாற்ற விண்ணப்பம் முழுவதும் நிரப்பியாகிவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து போனால்தான் ஏற்பார்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். ஐந்து வருஷமாக மனைவியும் மகளும் ஓர் ஊரில், இவர் ஓர் ஊரில்.

"சார், முதல்ல அனுப்பிடுவோம். பாதுகாப்பை அப்புறம் பாத்துக்கலாம்."

"என் சரித்திரமே அதுல இருக்கு. எவனாவது உள்ள புகுந்து என்னை வேற எங்கயாவது தூக்கிப் போட்டுட்டா?"

மனிதர் அப்படித்தான். புதிதாக எது வந்தாலும் உடனே தொடமாட்டார். புது பென்டிரைவ்கூட ஒரு வாரம் டிராயரில் தனியாகக் கிடந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏறும். ஆபீசில் இதற்கு முன்ஜாக்கிரதை என்று பெயர். வீட்டில் அவர் மனைவி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய ஆன்ட்டிவைரஸாகத் தேடி இறக்கினார்.

"சார், நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப வாங்கின மெஷின் இது. மெமரி கம்மி. தாங்காது. லேசா ஏதாவது போடலாம்."

"காவலுக்கு யாராவது நோஞ்சானை வைப்பாங்களா?"

மூன்று மணிக்குக் காவல் தொடங்கியது. மவுஸை இழுத்தால் அம்பு அரை நிமிஷம் யோசித்துவிட்டு நகர்ந்தது. சோதனை மூன்று சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. உருப்படியாகத் தெரிந்ததும் கிடையாது.

"அது சுத்தக் குப்பை மாமா. நான் சொல்றதைப் போடுங்க."

"அப்ப முதல்ல போட்டதை எடுத்துடணுமா?"

"எதுக்கு? ரெண்டும் இருந்தா ரெட்டைக் காவல்தானே!"

இரண்டாவதும் ஏறியது. ஏறிய வேகத்தில் முதலாவதைத் திருடன் என்று பிடித்தது. முதலாவது சும்மா இருக்குமா? இதைத் திருடன் என்றது. இரண்டும் கட்டிப்புரண்டதில், நடுவில் கிடந்த விண்ணப்பத்தைச் சந்தேகக் கேஸ் என்று பூட்டி வைத்துவிட்டன.

"போச்சு! சார், ரெண்டையும் எடுத்துடலாம் சார்."

"எடுக்காதே! மூணாவதா, நீ சொன்ன லேசானதையும் போடு. அது ரெண்டையும் சமாதானம் பண்ணட்டும்."

லேசானது ஏறி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடும்படி பணிவாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, அனுப்பியாச்சா? பாப்பா கேலண்டர்ல இன்னைத் தேதிக்கு வட்டம் போட்டு வச்சிருக்கா."

"இதோ, ஒரே நிமிஷம்."

நாலரைக்கு அணைத்துப் போட்டார்கள். கறுப்புத் திரையில் சின்ன வட்டம் சுற்றியது. நாலு ஐம்பதுக்கும் அதுதான் சுற்றியது. ஐந்து மணிக்கு உள்ளே ஏதோ 'டப்' என்றது. வட்டமும் போய்விட்டது.

தலைமை எழுத்தருக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம்! பாப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? ஆத்திரத்தில் காலடிப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டார்.

"எத்தனை வருஷம்தான் இந்த ஓட்டை மெஷினோட மாரடிக்கிறது! புதுசா ஒண்ணு அனுப்பத் துப்பிருக்கா மேலிடத்துக்கு?"

டீ டம்ளர் எடுக்க வந்த, ரொம்ப வருஷமாக அங்கேயே இருக்கும் பியூன் ஓடிவந்து, குனிந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"உதைக்காதீங்க ஐயா, உள்ள இருக்கறது புது கம்ப்யூட்டர். மூணு வருஷம் முன்னாடி வந்தப்ப, 'என்ன வைரஸோட வந்திருக்கோ, கொஞ்ச நாள் தனியா கெடக்கட்டும்'னு நீங்கதானே கீழ தள்ளி வைக்கச் சொன்னீங்க?"