‘எழுத்துல தாங்க’ தகவல் நானா

கண்டியில் அரசாங்க வேலை செய்துகொண்டு, தகவல் நானாவைக் கண்டு ஒரு தடவையாவது கழிப்பறைக்குள் ஒளியாதவர் யாராவது இருந்தால், அவர் அன்று லீவில் நின்றிருப்பார். எங்கள் அலுவலகத்தில் அவருடைய தொப்பி படிக்கட்டில் தெரிந்ததுமே தேநீர் இடைவேளை தொடங்கிவிடும், மணி என்னவாக இருந்தாலும் சரி.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அவர் போட்ட விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள் அல்லவா, அதுவே ஊருக்கெல்லாம் வாய்த்துவிட்டது. கொழும்பு வீதியில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். மகன் பொறுப்பெடுத்த பிறகு, கடையில் நானா செய்யும் வேலை வாடிக்கையாளருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது மட்டும்தான். மிச்ச நேரம் முழுவதும் அரசாங்கத்துக்கு.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி மாவட்டச் செயலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக நியமனம் பெற்று வந்தவள். நானா தமிழில் எழுதுவார். எங்கள் தகவல் அலுவலர் பண்டாரவை எல்லோரும் மாத்தயா, அதாவது ஐயா, என்போம்; அவருக்குச் சிங்களம்தான் வாசிக்க வரும். இரண்டு பேருக்கும் நடுவில் நான். ஆகவே கண்டியில் நானாவின் எழுத்தை ஆகக் கூடுதலாக வாசித்த மனிசி என்ற பெருமை எனக்கு உண்டு.

எல்லாம் ஒரு வடிகாணில் தொடங்கியது. வீட்டு வாசல் காணுக்கு மூடி இல்லாமல் நானா அதற்குள் விழுந்து கால் முறிந்தார். மகன் போய் மூடியைப் பற்றிக் கேட்டால், அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். கால் சுகமாகும்வரை கட்டிலில் கிடந்தவர், தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருப்பதைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறார். யாரும் எந்த அரச அலுவலகத்திடமும் தகவல் கேட்கலாம், அவர்கள் குறித்த காலத்துக்குள் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். நானா கட்டிலில் இருந்தபடியே விண்ணப்பம் எழுதினார். கோப்பு கிடைத்துவிட்டது. அதன்படி, அந்தக் காணுக்கு அருமையான கொங்கிரீட் மூடி எப்போதோ போட்டாயிற்று. நானா அந்தப் பதிலோடு தன் காலின் எக்ஸ்ரேயையும் இணைத்து மேன்முறையீடு செய்தார். மூடி வந்தது. அவ்வளவுதான், மனிசன் ருசி கண்டுவிட்டார்.

அடுத்தது குரங்கு. அவருடைய கூரை ஓட்டை உடைக்கும் குரங்குகளுக்கு எந்தத் திணைக்களம் பொறுப்பு என்று கேட்டார். காட்டைப் பார்ப்பவர்கள் மிருகத்தைப் பார்ப்பவர்களைக் காட்டினார்கள். அவர்கள் நகரத்தைப் பார்ப்பவர்களைக் காட்டினார்கள். நானா ஒவ்வொருவருடைய பதிலையும் போட்டோப்பிரதி எடுத்து மற்றவருக்கு அனுப்பினார். கடைசியில் எங்களிடம் வந்தது. பண்டார மாத்தயா தலையைப் பிடித்துக்கொண்டு சொன்ன பதிலை நான்தான் தமிழில் தட்டச்சு செய்தேன்: “இவ்வலுவலகத்தில் குரங்குகள் எவையும் இல்லை என்பதை அறியத்தருகிறோம்.”

நானா அதைக் கண்ணாடி போட்டுச் சட்டகத்துக்குள் வைத்துக் கடையில் மாட்டிவிட்டார்.

அவரிடம் வாயால் ஒன்றும் சொல்ல முடியாது. “நானா, அதிகாரி இண்டைக்கு வரேல்லை” என்று நான் சொன்னால், “வாயால செல்ல வாணாம் மகள், எழுத்துல தாங்க” என்பார். வீட்டிலும் இதே கூத்துத்தான். ஒருநாள் கடையில் வைத்து அவர் மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், என்னிடம் சொன்னார்: “தேத்தண்ணிக்குச் சீனி போட்டீக்கேன்டு சொன்னாலும் நம்ப மாட்டாரு. போட்டதுக்கு அத்தாட்சி கேக்குற மனிசன்.”

“குடிச்சுப் பாத்தாத் தெரியுந்தானே?” என்றேன்.

“அத அவருக்கிட்ட செல்லுங்களே!”

இப்படியே போயிருந்தால் நானாவைப் பற்றி எழுத ஒரு சிரிப்புக் கதைதான் மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு மழைக்காலத்தில் ஹேவாஹெட்டயிலிருந்து செல்வராணி என்றொரு பெண் திரைச்சீலை வாங்கக் கடைக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். மகன் நல்ல நல்ல பூப்போட்ட துணியாக எடுத்துக் காட்ட, அவள் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறாள்.

“பூவெல்லாம் வேணாங்க. தடிச்ச துணியா இருந்தாப் போதும். செவுத்துல ஒரு வெடிப்பு விட்டிருக்கு. புள்ளைங்க படுக்கையில கெடந்து அதையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க.”

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நானா நிமிர்ந்தார்.

“வெடிப்புக்குக் கேர்ட்டனா? யாரு சரி வந்து பாத்தாங்களா?”

“வந்தாங்க. போன மழைக்கு அப்பறம் ஆபிசருங்க ஜீப்புல வந்து, மலையெல்லாம் ஏறி அளந்தாங்க. பாறையில செவப்பு பெயின்ட் அடிச்சாங்க. போயிட்டாங்க. நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்தை சொல்லல.”

“அளந்தா அறிக்கை ஒண்டு எழுதியீப்பாங்களே.”

“தொரைகிட்ட கேட்டா, ஆபிசுல கேளுங்கறாரு. ஆபிசுல கேட்டா, தொரைகிட்ட கேளுங்கறாங்க. நாங்க எங்கிட்டுப் போய்க் கேக்குறது?”

நானா துணியை மடித்து மறுபடி தட்டில் வைத்துவிட்டார். “இது உங்களுக்கு விக்க மாட்டேன்” என்றார். மகனுக்குக் கோபம். செல்வராணிக்கு அழுகை. நானா அவளுக்குத் தேத்தண்ணியைக் கொடுத்து உட்காரவைத்து, அவள் இருக்கும் லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின், விவரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த அறிக்கையின் பிரதி வேண்டும் என்று நானாவின் விண்ணப்பம் புறப்பட்டது.

முதல் அலுவலகம், அறிக்கை எங்களிடம் இல்லை என்றது. இரண்டாவது, தொழில்நுட்ப விடயம் என்பதால் தரமுடியாது என்றது. சுற்றிச் சுற்றி அது எங்கள் மேசைக்கு வந்தபோது மறுபடி மழை தொடங்கியிருந்தது. எங்களிடம் அறிக்கை இருந்தது. பண்டார மாத்தயா அலுமாரியைத் திறந்து எடுத்து வாசித்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் மழை எவ்வளவு பலம் என்று பார்த்தார். மேலிடத்து அனுமதி இல்லாமல் அதை வெளியே கொடுக்க முடியாது. குடியேற்ற வேறு காணி கிடைக்கும்வரை சனத்தைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது மேலிடத்தின் எண்ணம். அனுமதி கேட்டு அனுப்பினார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். மழை மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

நானா சோற்றுப் பார்சலோடு வந்து எங்கள் விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சத்தம் போடுபவர் சத்தம் போடவில்லை. நான் போகும்போதும் வரும்போதும், “இன்னம் வரல்லியா மகள்?” என்று மட்டும் கேட்பார். “இல்லை நானா” என்பேன். அதை எழுத்தில் தரச் சொல்லி அவர் கேட்காததே எனக்குப் பயமாக இருந்தது.

பின்னேரம் போல பண்டார மாத்தயா எழுந்து போய் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மனிதர் நானாவின் பக்கத்தில் தானாகப் போனதை நான் அன்றுதான் கண்டேன். கம்பளையில் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர், பேசுவதற்குத் தமிழ் நன்றாக வரும்.

“நானா, பேப்பர்ல தர எனக்கு அதிகாரம் இல்ல” என்றார் மெதுவாக. “ஆனா அந்த லயத்துல ஆள் இருக்கக் கூடாது. மழை நிக்கும் வரைக்கும் சரி, இறக்கிப் போடுங்க.”

நான் அந்த வழக்கமான வசனத்துக்காகக் காத்திருந்தேன். நானா பண்டார மாத்தயாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். குடை வாங்கிலேயே கிடக்க, கொட்டுகிற மழையில் இறங்கி ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏறிப் போய்விட்டார்.

இனி நடந்தது செல்வராணி எனக்குச் சொன்னது.

நனைந்த கோழி மாதிரி நானா நேரே தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போயிருக்கிறார். ஆட்களை இறக்குங்கள் என்றதும், துரை கேட்ட முதல் கேள்வி: “எழுத்துல ஏதாவது இருக்கா?”

நானாவின் சொந்த வசனம்! சொன்னது யார் என்று துரை கேட்டார். நானா சொல்லவில்லை. “கேர்ட்டன் விக்கிற ஆள் சொன்னார்னு நான் லயத்தைக் காலி பண்ண முடியுமா?” என்று துரை கதவைச் சாத்திக்கொண்டார்.

லயத்தில் இருந்தவர்களும் உடனே நம்பவில்லை. இந்த மழையில் பிள்ளை குட்டி, ஆடு கோழியோடு எங்கே போவது? அப்போதுதான் செல்வராணி நடுவில் வந்து நின்றாளாம்.

“இவரு யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. எழுதிக் குடுக்காத எதையுமே நம்பாத மனுசன் இவரு. அப்பேர்ப்பட்டவரே யாரோ வாயால சொன்னதைக் கேட்டுட்டு இப்பிடி நனைஞ்சுகிட்டு ஓடியாந்திருக்காருன்னா, நான் இருக்க மாட்டேன். நீங்க இருக்கறதுன்னா இருங்க.”

பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டாள். அவள் போவதைப் பார்த்துப் பக்கத்து வீடு இறங்கியது. அதைப் பார்த்து மற்றது. இருட்டும் முன் லயம் வெறுமையாகிவிட்டது.

மலை ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அசையாமல் நின்றது. மழை கொஞ்சம் விட்டது. பள்ளிக்கூடத்தில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, நானா பாண் மூட்டையும் வாழைப்பழக் குலையுமாக பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தார். இளந்தாரிகள் அவரைப் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள். “நானா, மலை எந்தத் தேதியில வருதுன்னு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாருங்களேன்!” சிலர் வீட்டுக்குத் திரும்பப் போகச் சாமான் கட்டினார்கள். நானா அவர்கள் காலில் விழாத குறை. “இன்னும் ஒரு ராவு, அல்லாவுக்காக ஒரு ராவு” என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். கேள்வி கேட்டே பழகிய மனிதருக்குக் கெஞ்ச வராது. வாய் குளறியதாம்.

அடுத்த நாள் மத்தியானம், மழைகூட இல்லாத நேரத்தில், மலை வந்தது. பாதி லயத்தை மண்ணோடு வழித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய் நின்றது. செல்வராணியின் கோழிகள் போயின. வீடு இருந்த இடமே தெரியவில்லை. ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பிறகு அரசாங்கம் செய்யவேண்டியதைச் செய்தது: விசாரணை வைத்தது. அனுமதி கிடைக்கும் முன்னர் அறிக்கையின் விபரத்தை வெளியே சொன்ன அலுவலர் யார்? நானாவைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். பண்டார மாத்தயா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

“உங்களுக்குத் தகவல் சொன்னது யார்?” என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

“அந்தத் தகவல் தர ஏலா” என்றார் நானா.

“காரணம்?”

“காரணமும் தர ஏலா.”

“தகவலின் பெறுமதியைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்தவர் அல்லவா நீங்கள்?”

“ஓ, அந்தச் சட்டத்தை நான் நல்லாப் படிச்சீக்கேன். அரசாங்கக் கந்தோர்தான் தகவல் குடுக்கோணும். நான் கேர்ட்டன் யாவாரி.”

நான் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். இன்றுவரை நான் செய்த மொழிபெயர்ப்பில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்த மழையில் நனைந்தது நானாவுக்கு நெஞ்சுச் சளியாகிப் பேராதனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. நானும் பண்டார மாத்தயாவும் பார்க்கப் போனோம். மாத்தயா ஒரு பை நிறையத் தோடம்பழம் வாங்கிக்கொண்டார். நானா சிரித்தார், தோடம்பழத்தை உரித்து எங்களுக்கே தந்தார், கண்ணை மூடிக்கொண்டார். வார்டில் மின்விசிறி ஓடவில்லை. மருந்து நேரத்துக்கு வரவில்லை. நானா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகம் மிகவும் நன்றாக நடந்தது. தேநீர் தேநீர் நேரத்தில் வந்தது. யாரும் எங்கேயும் ஒளியவில்லை. அப்படியொரு சலிப்பை நான் என் உத்தியோகத்தில் கண்டதில்லை. பண்டார மாத்தயா காரணமில்லாமல் விறாந்தைக்கு வந்து படிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கீழே இருமல் சத்தம் கேட்டது. பிறகு, “என்ன இது, இந்தப் படிக்கட்டுல லைட் போடுறதுக்குப் பொறுப்பு யாரு?” என்று ஒரு குரல் வந்தது. வழக்கம்போல நாலைந்து பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். நானும் எழுந்தேன், மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தூசி தட்டி வைத்தேன்.