பச்சைக் கோட்டில் ஒரு நாய்க்குட்டி

எங்கள் வீட்டு நாய் இன்று உயிரோடு இருக்கிறது. அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. அளவு மீறிய ஒரு பாகம்கூட என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு நாய் வளர்க்கக் கிளம்பியதுதான் தப்பு.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆதிரை இரண்டு வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் சின்ன நாய்க்கு மட்டுமே அனுமதி. சங்கச் செயலாளர் பரமசிவம் சார் என்னை உட்காரவைத்துச் சொன்னார்:

“எல்லாரும் சின்ன நாய்னுதான் சார் சொல்றாங்க. நாலாவது மாடிக்குச் சின்ன நாய்னு ஒண்ணு வந்துச்சு. இப்ப அது லிஃப்ட்ல ஏறினா நான் படியில ஏற வேண்டியிருக்கு. நீங்க எழுதிக் குடுத்துடுங்க.”

வேறு யாராக இருந்தாலும் ‘சின்ன நாய்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதினேன்: ‘முழு வளர்ச்சியில் எடை ஒன்றரை கிலோ, கூட்டல் கழித்தல் ஐந்து சதவீதம்.’ கீழே கையெழுத்தும் போட்டேன். (யாரும் கேட்கவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டதுதான்.)

அந்த ஒன்றரை கிலோ கணக்கை எனக்குக் கொடுத்தவர் வண்டலூர்ப் பக்கம் நாய்க்குட்டி விற்பவர்.

“டீகப் பொமரேனியன் சார் இது. வளந்தாலும் ஒன்றரை கிலோதான். பையில போட்டுகினு கடைக்குப் போலாம்.”

“டீகப்புக்கு மேல என்ன சைஸ்?”

“டாய். அதுக்கு மேல மினி.”

“கீழ?”

“மைக்ரோ கீது. ஆனா அத நீ மிதிச்சிடுவ சார்.”

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: “தீனிய மட்டும் கொஞ்சம் பாத்துப் போடு சார். வயிறு ரொம்பப் போட்டா டீகப்பு மினியாயிடும்.”

போடும் தீனியைப் பொறுத்து மாறுவது ஒரு தர அளவாக இருக்க முடியாது என்று அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கை நிறைய வெள்ளைப் பஞ்சு போல இருந்த குட்டிக்கு ஆதிரை ‘ரவா’ என்று பெயர் வைத்தாள். நான் வரைபடம் வைத்தேன். எடை எப்படி ஏற வேண்டும் என்பதற்கு ஒரு பச்சைக் கோடு. தாண்டவே கூடாத எல்லைக்கு அதன் மேலே ஒரு சிவப்புக் கோடு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டினேன். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து அதற்குள் ரவாவை உட்கார வைப்பேன். அது ஒரு நொடி சும்மா இருக்காது. வாலை ஆட்டும், பாத்திரத்தின் விளிம்பைக் கடிக்கும், எண்கள் குதிக்கும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுவேன்.

மூன்றாவது வாரம் எடை சிவப்புக் கோட்டைத் தாண்டியது. தொழிற்சாலையில் இப்படி நடந்தால் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவோம். வீட்டிலும் தேடினேன். காரணம் சமையலறையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தது.

“இட்லி குடுத்தியா?”

“கால் இட்லிதான்ப்பா. அது காலித் தட்டையே நக்கிட்டிருந்துச்சு.”

“அது பழக்கம். பசி இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஆதிரை.

நான் வரைபடத்தைக் காட்டினேன். என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து திரும்பாமலேயே, “நாய்க்குக் கோடு போடறவரு வயித்துல தெறிக்கற உங்க சட்டை பட்டனுக்கும் ஒரு கோடு போடுங்க” என்றாள். நான் பொருட்படுத்தவில்லை. ஆதிரையைத் திட்டினேன். ரவாவின் தீனியைப் பாதியாகக் குறைத்தேன்.

ஐந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம்போல் ரவாவைப் பாத்திரத்தில் வைத்தேன். முதன்முறையாக அது அசையாமல் இருந்தது. எண் குதிக்காமல் நின்றது. சரியாகப் பச்சைக் கோடு. ஒரே தடவையில் இவ்வளவு துல்லியமான அளவு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுப் பேனாவை எடுத்தேன்.

“அப்பா,” என்றாள் பின்னால் நின்ற ஆதிரை. “அது கண்ணத் தொறக்கல.”

பேனாவைப் போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

ஆதிரை குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கேம்ப் ரோடு பக்கம் இருந்த கால்நடை மருத்துவரிடம் காரை ஓட்டினேன். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, வழியெல்லாம் சிந்திக்கொண்டே, நகர மறுத்தது. பின்சீட்டில் அழுகைச் சத்தம் இல்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

டாக்டரம்மா சர்க்கரைக் கரைசலைத் தொட்டு ரவாவின் ஈறில் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். பிறகு ஊசி போட்டார்.

“என்ன சாப்பிடுது?”

நான் வரைபடத்தை நீட்டினேன். (ஆமாம், அந்த அவசரத்திலும் அதைக் கிழித்து எடுத்து வந்திருந்தேன்.) அவர் இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க சார்?”

சொன்னேன்.

“பிரேக்கு வளராது சார். இது வளரும்.” தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். “டீகப்னு ஒரு இனமே கிடையாது. எந்தத் தர விதியிலயும் இல்ல. விக்கறவங்க வச்ச பேரு. இன்னொண்ணு, இது பொமரேனியனே இல்ல. பாதம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. ஸ்பிட்ஸ் கலப்பு. பத்துக் கிலோ வரைக்கும் போகும். பட்டினியில சர்க்கரை இறங்கி மயங்கிடுச்சு, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். மூன்று வாரம் கோடு போட்டு, கணக்குப் பார்த்து, ஒரு சாதாரண நாயை நான் பட்டினி போட்டிருந்தேன்.

சிறிது நேரத்தில் ரவா நாக்கை நீட்டி டாக்டரம்மாவின் விரலை நக்கியது. ஆதிரை அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள்: “நான் குட்டியா இருந்தப்ப எனக்கும் கோடு போட்டீங்களா?”

நான் ஹாரன் அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதையே அம்மாவிடம் கேட்டாள். செல்வி சொன்னாள்: “உனக்கு நாலு கலர்ல போட்டாரு. நல்லவேளை, உனக்குச் சோறு போட்டது நான்.”

ரவா இப்போது ஒன்பது கிலோ. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பரமசிவம் சார் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, “கூட்டல் கழித்தல் அஞ்சு சதவீதம் எப்படி சார் இருக்காரு?” என்று மரியாதையாக விசாரிப்பார். என் கடிதம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

தராசு பரணுக்குப் போய்விட்டது. ஆனால் ரவா அசையாமல் தூங்கினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. போய் விலாவில் விரலால் தட்டுவேன். அது ஒற்றைக் கண்ணைத் திறந்து உறுமிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுக்கும்.

“ம்மா,” என்று ஆதிரை உள்ளே குரல் கொடுப்பாள், “அப்பா ரீடிங் எடுக்கறாரு.”