அறியாமைச் சான்று

மனித முகம் விரைவில் பழையதாகிவிடும் பொருள் என்பதை முதன்முதலில் உணர்ந்தது அரசாங்கம்தான். திரையில் நாற்பது ஆண்டுகளாக அதே ஐந்து முகங்கள் காதலித்து, அதே ஐந்து முகங்கள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, பொதுமக்கள் சலித்துக்கொண்டார்களே தவிரச் சட்டம் இயற்றவில்லை. அரசாங்கம் இயற்றியது. இனி ஒவ்வொரு படத்தின் கதாநாயகியும் சான்றளிக்கப்பட்ட புதுமுகமாக இருத்தல் வேண்டும். அந்தச் சான்றை வழங்குவதற்கென்று புதுமுகச் சான்றளிப்புத் துறை தோற்றுவிக்கப்பட்டது. அதில் அமர்த்தப்பட்ட இருநூறு பேரும் வேறு துறைகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய முகங்கள் என்பது இக்கதைக்குத் தேவையற்ற செய்தி.

நல்லெண்ணத்தோடு ஒருவர் வீடு கட்டினார். சுவர் பலமானது, கூரை பலமானது. கதவு வைக்க மட்டும் மறந்துவிட்டார். உள்ளே இருந்தவரின் கதி என்ன என்று எவரும் கேட்கவில்லை. சுவரின் பலத்தையே எல்லோரும் மெச்சினார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் அகப்பட்ட ஒரு நடிகையின் கதை இது.

அவருக்கு வயது முப்பத்திரண்டு. பதினான்கு ஆண்டுகளாக மேடை நாடகத்தில் இருப்பவர். அரசியாக, வேலைக்காரியாக, தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்த நடிகருக்குத் தாயாகக்கூட நடித்தவர். முப்பது பேர் மட்டுமே வந்திருந்த ஒரு மாலையில் அவருடைய நடிப்பைக் கண்ட திரைப்பட இயக்குநர் ஒருவர், நேரே ஒப்பனை அறைக்கு வந்தார்.

"என் படத்துக்கு நீங்கதாங்க கதாநாயகி. ஒண்ணாம் தேதி படப்பிடிப்பு. அதுக்குள்ள புதுமுகச் சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. வரலைன்னா டயர் கம்பெனி முதலாளி பொண்ணு காத்திட்டிருக்கு. அது கையில சான்று தயாரா இருக்கு."

பதினான்கு ஆண்டுகளில் வந்த ஒரே வாய்ப்பு. நடிகை தம் தாயையும் அழைத்துக்கொண்டு மறுநாளே துறையின் ஒன்பதாம் சன்னலுக்குச் சென்றார்.

"முகம் புதுசா?" என்று நிமிராமலே கேட்டார் எழுத்தர்.

"நீங்களே பாருங்களேன் சார்."

"பார்க்கக் கூடாதும்மா. நான் பார்த்துட்டா ஒருத்தர் பார்த்த முகம் ஆயிடும். அப்புறம் எப்படிப் புதுசு?"

தாய் முந்திக்கொண்டார். "அப்ப எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?"

"அறியாமைச் சான்று மூணு கொண்டாங்க. 'இவரை எனக்குத் தெரியாது'ன்னு மூணு பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"இவ்வளவுதானா! தெருவுல போற மூணு பேரைக் கூப்பிட்டாப் போச்சு."

"அதெப்படி? உங்க பொண்ணை முன்னப் பின்னத் தெரியாதவர் 'தெரியாது'ன்னு சொன்னா, அதை எப்படி நம்புறது? அஞ்சு வருஷமாவது நல்லாத் தெரிஞ்சவரா இருக்கணும். அவர் தெரியாதுன்னு சொன்னாத்தான் செல்லும்."

இதில் குறை காண்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள்.

எதிர்வீட்டு அக்கா மறுப்பே சொல்லவில்லை. "ஏழு வருஷமா எதிர்ல இருக்கே, என்னைக்காவது என் வீட்டுப் படி ஏறியிருக்கியா? உன்னைத் தெரியாதுன்னு எழுத எனக்கென்ன கசக்குதா?" என்று இரண்டு பிரதியாகவே எழுதித் தந்தார்.

நாடகக் குழுத் தலைவர்தான் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "பதினாலு வருஷம் என் பக்கத்துல நின்னு நடிச்சவளை யாருன்னே தெரியாதுன்னு எழுதச் சொல்றியேம்மா. மனசு கேக்கலை."

"விளம்பரத் தட்டியில ஒவ்வொரு தடவையும் 'மற்றும் பலர்'னு போட்டீங்களே அண்ணே, அப்பல்லாம் கேட்டுச்சே."

அதன்பின் அவர் சிரமமின்றி எழுதினார்.

மூன்றாவது கையெழுத்துக்குத் தாயை விட்டால் ஆளில்லை.

"பெத்தவ நான். என் கையால எழுதணுமாடி?"

"வெறும் காகிதம்மா. படம் கிடைச்சாப் போதும்."

தாய் வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'இந்தப் பெண் என்ன நினைக்கிறாள், எங்கே போகிறாள், ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது எதுவும் எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது.' துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு முழுமையான சான்று வந்ததில்லை என்று எழுத்தர் பாராட்டினார்.

அடுத்தது பொது அறிவிப்பு. இந்த முகம் நாட்டில் வேறு எவருக்காவது தெரியுமா என்று மக்களைக் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமானால் காட்டியாக வேண்டும். துறையின் புகைப்படக்காரர் நடிகையை முக்காலியில் உட்கார வைத்து, தலைமுடியை இழுத்துக் கொண்டையிடச் சொன்னார். "முகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. இருந்தா நடிப்புன்னு எழுதிடுவாங்க." விளக்கு பளீரென்று அடித்ததில் இடக்கண் சற்றே சுருங்கியது. அந்தப் படம் 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்ற கேள்வியோடு எல்லாப் பேருந்துகளிலும், நிலையங்களிலும், செய்திகளுக்கு நடுவே தொலைக்காட்சியிலும் இருபத்தொரு நாள் காட்டப்பட்டது.

முதல் வாரம் மக்கள் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் வியந்தார்கள். மூன்றாம் வாரம் அழகு நிலையங்களில் 'தெரியுமா கொண்டை' போட வரிசை நின்றது. கல்லூரிப் பெண்கள் இடக்கண்ணைச் சுருக்கியபடி நடந்து கம்பங்களில் மோதிக்கொண்டார்கள். 'ஒன்றும் இல்லாத முகம் பெறுவது எப்படி?' என்று மகளிர் வார இதழ் ஒன்று நான்கு பக்கம் எழுதியது. அவரை அறியாத நால்வர் தொலைக்காட்சியில் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டையிட்டார்கள். அதே வாரங்களில் அவர் மேடையிலும் நடித்துக்கொண்டுதான் இருந்தார். அங்கு வழக்கம்போல் முப்பது பேர்தான் வந்தார்கள். பேருந்தில் கண்ட முகம்தான் இது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடையில் அது அசைந்துகொண்டிருந்தது.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு விசாரணை நடந்தது. முந்நூறு பேர் அமரக்கூடிய அரங்கில் இரண்டாயிரம் பேர் நின்றார்கள். துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இவரைத் தெரிந்தவர்கள் கையைத் தூக்கலாம்."

அரங்கமே கையாயிற்று.

"விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நாடே அறிந்த முகத்தைப் புதுமுகம் என்று கொண்டுவருவது துறையை ஏமாற்றும் முயற்சி."

"சார், நீங்கதானே ஊர் முழுக்க ஒட்டினீங்க!" என்றார் நடிகை.

"நாங்கள் கேள்வியைத்தான் ஒட்டினோம், அம்மா."

நடிகை நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். டயர் கம்பெனி முதலாளியின் மகள் மனக்கண்முன் வந்து நின்றாள். அப்போது உதவி அதிகாரி, தலைவரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, நட்சத்திரப் பிரிவுன்னு ஒண்ணு நம்மகிட்ட இருக்கே. அந்தச் சான்று இருந்தா புதுமுகச் சான்றே தேவையில்லை. மூணு வருஷமா தகுதியான ஆளே கிடைக்கலை."

தலைவர் விதியை உரக்கப் படித்தார். 'நட்சத்திரம் எனப்படுபவர், பொதுமக்கள் அனைவராலும் அறியப்பட்டவராகவும், அவ்வாறு அறியப்படுவதற்கு யாதொரு காரணமும் இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும்.' பிறகு கூட்டத்தை நோக்கினார்.

"இவரை எதனால் தெரியும்?"

"பஸ்ஸுல பார்த்தோம்!"

"என் பொண்ணு இவங்க கொண்டைதாங்க போடுறா!"

"வேறு காரணம்?"

"வேற எதுக்குங்க காரணம்?"

"நன்று. இவர் நடித்து எவரேனும் பார்த்ததுண்டா? உண்டென்றால் அது காரணமாகிவிடும். சான்று தர இயலாது."

மூன்றாம் வரிசையில் நாடகக் குழுத் தலைவர் தம் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கை உயர்ந்தது. தாயின் கை.

"நான் பார்த்திருக்கேன். பதினாலு வருஷமா ஒரு நாடகம் விடாமப் பார்த்திருக்கேன். என் பொண்ணு அழுதா கடைசி வரிசை வரைக்கும் கண்ணைத் துடைக்கும். அவளைப் போய் ஒண்ணுமே தெரியாதவன்னு..."

"அம்மா, பேசாம உட்காரு," என்றார் மகள் மெல்ல.

துறைத் தலைவர் கோப்பைப் புரட்டினார். "பிறந்ததிலிருந்தே இவரைத் தெரியாது என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தெரியாதவரைப் பற்றிச் சாட்சி சொல்லாதீர்கள்." பிறகு நடிகையின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கள். எப்போதாவது நடித்திருக்கிறீர்களா?"

நடிகை எழுந்தார். இரண்டாயிரம் பேரை ஒருசேர அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. தாயை ஒருமுறை பார்த்தார். பிறகு தோள்களைத் தளர்த்தினார். உதட்டோரம் ஒரு கூச்சச் சிரிப்பை வரவழைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"நடிப்பா? எனக்கா? மேடையைப் பார்த்தாலே கை நடுங்குமுங்க எனக்கு."

சொன்னதோடு நில்லாமல் வலது கை நடுங்கவும் செய்தது. கடைசி வரிசை வரை தெரியும்படி நடுங்கியது. குரல் எந்த இடத்தில் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் உடைந்தது. பதினான்கு ஆண்டுகளில் அவர் இவ்வளவு சிறப்பாக நடித்ததில்லை.

சான்றில் அங்கேயே முத்திரை விழுந்தது. தாய் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல நடிப்பை ஆதரிக்க நாட்டில் ஆளில்லையே என்று வீடுதோறும் வருந்தும் நாம் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

"எவ்வளவு வெகுளி பாருங்க! பாவம், இந்தப் பொண்ணுக்கு நடிக்கவே தெரியலை" என்று ஒருவருக்கொருவர் சொல்லியும் கொண்டோம்.