பத்து இருபத்தாறுக்கு அவன் எந்த மாநிலத்தில் இருந்தான்

ஃபால் ரிவர், மாசசூசெட்ஸ்
ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பின் ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை

என் தாய் வயிற்றில் எனக்கு ஆறு வருடம் கழித்துப் பிறந்த நத்தாலியாவுக்கு அக்காள் தெயொலிந்தா எழுதுவது.

தூய ஆவியார் உன்னையும் உன் பிள்ளைகளையும் உன் முந்நூறு பசுக்களையும் காப்பாராக. உன் புருஷனைப் பற்றி அவருக்கே தெரியும், நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே நான் நலம். முழங்கால் நலமில்லை. பத்தொன்பது வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது கலிபோர்னியாவுக்குக் கடிதம் போடுகிறாளே, மனம் இளகிவிட்டதோ என்று நினைக்காதே. இளகவில்லை. உன்னால் எனக்கு இரண்டு காரியம் ஆகவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாக இருக்கும். சேதி கோணல் இல்லை.

எல்மானோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மகள் ஒதேத் நாம் பிறந்த தீவில் கண்ணை மூடியபோது அவள் பிள்ளைக்கு மூன்று வயது என்பது உனக்குத் தெரியும். நான் விமானம் ஏறிப் போய், அந்த ஊர்க் கோர்ட்டில் அவனை என் பிள்ளையாகத் தத்தெடுத்து, காகிதமும் முத்திரையும் வாங்கி, இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது அவனுக்கு இருபத்தாறு. சிப்பிப் படகில் வேலை. போன மாதம் ஒரு புதன்கிழமை படகிலிருந்து இறங்கியவனைக் குடியேற்றத்துறைக்காரர்கள் துறைமுகத்திலேயே மடக்கினார்கள். பத்தொன்பது வயதில் திருவிழாவில் ஒருவன் பல்லை உடைத்தானே, அதற்குத் தண்டனை அனுபவித்து முடித்தானே, அந்தப் பழைய வழக்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். குடிமகன் இல்லையாம், தீவுக்கே அனுப்பப் போகிறார்களாம். தீவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் வறுத்துக் கொடுக்கிற பாலாடைக்கட்டி ஒன்றுதான். அங்கே விமானத்தை விட்டு இறங்கினால் இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்றுகூடத் தெரியாது.

அன்று மதியமே ஒரு இனிப்பு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நம் ஊர்க் கோர்ட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகிற பழக்கம் நம் வீட்டில் இல்லை. அங்கே ஜன்னலில் இருந்த குமாஸ்தா சொன்னான்: "அம்மா, இது மாநிலக் கோர்ட்டு. அவனைப் பிடிச்சவங்க ஃபெடரல் ஆளுங்க. ஆளைக் கொண்டுவந்து நிறுத்துன்னு நாங்க அவங்களைக் கேக்க முடியாது."

"கேட்டா என்ன, நாக்கு தேஞ்சுடுமா?"

"தேயாதும்மா. ஆனா கேக்க அதிகாரம் கிடையாது."

ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான். அதற்கு அதிகாரம் இருந்திருக்கிறது. அவன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கும்.

பங்குச் சாமியார்தான் மோரா என்கிற வக்கீலிடம் அனுப்பினார். ஐரிஷ்காரி, முப்பது வயதிருக்கும். சாப்பாட்டு வேளையில் ஆப்பிளைக் கடிப்பாள், அதுதான் சாப்பாடு. ஆனால் மூளை இருக்கிறது. நான் அவளிடம், "வாஷிங்டன்ல உச்ச கோர்ட்டுல ஒம்போது பேர் உக்காந்திருக்காங்களே, நேரா அவங்களுக்கே போடு" என்றேன்.

"அவங்க அதைத் திருப்பிக் கீழ மாவட்டக் கோர்ட்டுக்கேதான் அனுப்புவாங்கம்மா. ஆட்கொணர்வு மனுவை நினைச்ச இடத்துல போட முடியாது. மனு உள்ள போற நிமிஷத்துல அவர் உடம்பு எந்த ஃபெடரல் மாவட்டத்துல இருக்கோ, அந்தக் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம். அங்க அவரை யார் பூட்டி வச்சிருக்காங்களோ, அவங்க பேர்லதான் மனு."

"மாசசூசெட்ஸ் எத்தனை மாவட்டம்?"

"முழு மாநிலமும் ஒண்ணே ஒண்ணு. கலிபோர்னியாவுல நாலு."

"மனு போட்டப்புறம் அவனைத் தூக்கிக்கிட்டு வேற மாநிலத்துக்கு ஓடினா?"

"ஓடட்டும். நம்ம கோர்ட்டு பிடியை விடாது. போடறதுக்கு முன்னாடியே எல்லையைத் தாண்டிட்டா, அவர் எங்க போய்ச் சேர்றாரோ அந்தக் கோர்ட்டுல நாம மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள விமானம் ஏத்திட்டா முடிஞ்சது."

நத்தாலியா, எங்கே வளர்ந்தான், யார் சோறு போட்டார்கள், யார் அழுகிறார்கள் என்று எதையும் கேட்பதில்லை. உடல் எங்கே என்று கேட்கிறார்கள். சாவு வீட்டில்தான் அப்படிக் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அவனை வைத்திருந்தது நான் முப்பத்தொரு வருடம் தையல் போட்ட அதே பழைய திரைச்சீலை ஆலைக் கட்டடத்தில். இப்போது அங்கே அலுவலகங்கள். அங்கிருந்து ரோட் ஐலண்ட் எல்லைக்கு வண்டியில் பத்து நிமிடம். மறுநாள் வியாழக்கிழமை காலை பத்து இருபத்தாறுக்கு மோரா கம்ப்யூட்டரில் மனுவைப் போட்டுவிட்டாள். நேரம் அதிலேயே பதிவாகிவிடுமாம். அதற்கப்புறம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற போன் அடித்தது. காகிதத்தில் நான் அம்மா, அவன் வாயில் எப்போதும் வவோதான், பாட்டிதான்.

"வவோ, நான்தான். ஒரே ஒரு போன் பண்ண விட்டிருக்காங்க. எங்கயோ கொண்டுபோறாங்க வவோ, எங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"ஜன்னல் இருக்கா? என்னடா தெரியுது?"

"கீழ கில்பெர்த்தாவோட மலசாடா பணியார வண்டி. இப்பதான் கடைப் பலகையைத் தூக்கறா, சண்டைக்கு நிக்கிற மாதிரி கூட்டம். வவோ, பசிக்குது."

அதோடு அறுந்தது. மறுநாள் உங்கள் பள்ளத்தாக்கில், உன் மாட்டுக்கொட்டகையிலிருந்து நாற்பது மைல் தள்ளி ஒரு சிறையில் இருந்தான். இந்தப் பெரிய நாட்டில் அவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை, உன் பக்கத்தில்தான் கொண்டுவந்து வைக்கவேண்டும்.

பாஸ்டனில் நீதிபதி அம்மாள், தான் முடிவு சொல்லும்வரை அவனை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று கட்டளை போட்டார். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு தாளை நீட்டினான். வேன் ஓட்டியவன் எழுதியது. ஒன்பது ஐம்பதுக்குப் புறப்பட்டதாம், பத்து ஐந்துக்கு ரோட் ஐலண்டாம். ஆகவே பத்து இருபத்தாறுக்கு உடல் மாசசூசெட்ஸில் இல்லை, இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, கலிபோர்னியாவில் போய் மனு போடு என்கிறான். போன் கம்பெனியில் கேட்டால் கணக்குத் தர ஆறு வாரமாம். என் போன் யார் எப்போது பேசினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நான் வைத்துக்கொள்வேன்.

கில்பெர்த்தா வியாழக்கிழமைகளில் ஒன்பது மணிக்கே பலகையைத் தூக்குகிறவள். அதை அரசுத் தரப்பும் விசாரித்து வைத்திருந்தது. ஒன்பதரைக்கு வண்டியைப் பார்த்திருப்பான், அப்புறம் ஏற்றிக்கொண்டு போனோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாரம் என்ன வாரம்? பாஸ்காவுக்கும் தூய ஆவியார் திருவிழாவுக்கும் நடுவே ஏழு வாரம், குலுக்கல் சீட்டில் பெயர் வந்த ஏழு வீட்டில் வாரம் ஒன்றாகத் தூய ஆவியாரின் கிரீடம் தங்குமே, அந்த மூன்றாம் வாரம் கிரீடம் கில்பெர்த்தா வீட்டில். கிழவிகளுக்காகக் காலை பத்து மணிக்குச் செபமாலை. கிரீடத்தை வீட்டில் வைத்துக்கொண்டு செபமாலைக்கு முன் எண்ணெய் காயவைத்தால் இந்த ஊர் அவளைச் சும்மா விடுமா? எனக்கு எப்படி இத்தனை திட்டமாகத் தெரியும் என்றால், பதினாலு வருடமாகச் சீட்டில் என் பெயர் வரவில்லை. அவள் பெயர் மூன்று தரம் வந்துவிட்டது. யார் வீட்டில் எந்த வாரம் என்று எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் அதை அவள் வந்து சொல்லவேண்டும். ஒரு இழவு வீட்டில் என் இறைச்சிச் சூப்பு தண்ணியாக இருக்கிறது என்று சொன்ன நாள் முதல், பதினோரு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. போனேன். கதவைத் திறந்தாள்.

"யாரு, தெயொலிந்தாவா? நான் செத்துட்டேன்னு எவளாவது சொன்னாளா?"

"அவ்வளவு நல்ல சேதியா இருந்தா ரொட்டியோட வந்திருப்பேனே."

"சரி, என்ன வேணும்?"

"மூணாம் வாரம் வியாழக்கிழமை உன் பலகையை எத்தனை மணிக்குத் தூக்கினே?"

"எதுக்கு? சுகாதார ஆபீசுக்கு எழுதிப் போடவா?"

"எல்மானோவுக்காக."

கையை மேலாடையில் துடைத்துக்கொண்டாள். "பத்தரை ஆயிடுச்சு" என்றாள். "செபமாலை முடிஞ்சு ஓட்டமா ஓடினேன். லேட்டு லேட்டுன்னு ஆலைக்காரங்க அத்தனை பேரும் என்னைத் திட்டினாங்க. அதை நான் எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன். ஆனா ஒண்ணு, கார்ல முன்சீட்டு எனக்கு."

பாஸ்டன் வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அவனுக்காக அதையும் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

கோர்ட்டில் கில்பெர்த்தா நன்றாகத்தான் சொன்னாள். நடுவில் நீதிபதி அம்மாளை ஒருதரம் வந்து சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னதைத் தவிர மற்றபடி குறை இல்லை. பிறகு என்னை ஏற்றினார்கள். அரசுத் தரப்பு வக்கீல் சிரித்த முகத்தோடு, "அம்மாவுக்கு எழுபத்தொம்போது வயசு. போன்ல அவர் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கா?" என்றான்.

"தம்பி," என்றேன், "ரெண்டாயிரத்தி ஆறு, ஜூன் நாலு, திருவிழா ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சே கால். என் தங்கச்சி நத்தாலியா நீலப் பூப்போட்ட கவுன் போட்டுக்கிட்டு, என்னோட பச்சைத் தகரப் பெட்டியை இடது கக்கத்துல இடுக்கிக்கிட்டு டாக்சி ஏறினா. அதுல என் பிள்ளையோட காகிதம் இருந்துது. இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல. இது ஞாபகம் இருக்கறவளுக்குப் போன மாசத்துப் போன் ஞாபகம் இருக்காதா?"

தட்டெழுத்துக்காரி அதையும் தட்டிக்கொண்டாள். உன் பெயர் ஃபெடரல் கோர்ட்டில் ஏறியிருக்கிறது. தெரிந்துகொள்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மனு வந்த நிமிடத்தில் உடல் மாசசூசெட்ஸில் இருந்தது, அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோயிருந்தாலும் இந்த வழக்கு என்னுடையது. அவ்வளவுதான். கில்பெர்த்தா என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளட்டும் என்று.

ஆனால் அது கதவு திறந்ததுதான், அவன் இன்னும் வெளியே வரவில்லை. சின்ன வயதில் தத்தெடுத்து, முறைப்படி பச்சை அட்டையோடு வந்து, குடியுரிமை வாங்கிய என் வீட்டில் வளர்ந்தவன் என்றால், அந்த வயதிலேயே அவன் தானாகக் குடிமகன் ஆகிவிட்டானாம். யாரும் அவனைப் பிடிக்கவே கூடாதாம். இத்தனை வருடமாக எங்கள் இருவருக்குமே இது தெரியாது பார். அதற்கு அந்தத் தீவுக் கோர்ட்டின் தத்துக் காகிதம் வேண்டும். அங்கிருந்து நகல் வர நாலு மாதம். விசாரணை வருகிற வாரம் வியாழக்கிழமை.

ஆகவே இரண்டு காரியம். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போய் அவனைப் பார். இரண்டு, என் பெட்டியிலிருந்து நீ எடுத்துப்போன காகிதத்தை இந்தக் கடிதம் கண்ட அன்றே அவசரத் தபாலில் அனுப்பு. ஏன் எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். மேலே சாமி கேட்பார். புதன்கிழமைக்குள் காகிதம் வரவில்லையென்றால், அந்தத் திருவிழாவில் உன் மகள் ராணியாக நடக்கும்போது போர்த்திக்கொண்டாளே, பதினாலு மாதம் உட்கார்ந்து நான் பூவேலை செய்த வெல்வெட் மேலங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்படித் துணி ஆக்கிவிடுவேன். இதை நான் கிரீடத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

உன் வீட்டில் நோய் நுழையாதிருக்கட்டும், பால் குறையாதிருக்கட்டும். உன் மகளுக்கு என் ஆசீர்வாதம், அவள் உன்னைப் போல் இல்லை என்று கேள்வி.

மன்னிக்காத உன் அக்காள்,
தெயொலிந்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒன்று தோன்றியது. சின்ன வயதிலிருந்து நான் சொல்வதை வெறும் மிரட்டல் என்று நினைக்கிறவள் நீ. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இதோடு வைத்து அனுப்பினால்தான் நம்புவாய் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். விளிம்பில் கத்தரி இறங்கவில்லை. உள்ளே ஏதோ மொடமொடத்தது. தையலைப் பிரித்தேன். என் தையல்தான், எனக்குத் தெரியாதா. உள்ளே மெழுகுத்தாளில் சுற்றி, முத்திரையோடு, எல்மானோவின் காகிதம். கண்டதையும் குடைந்து பார்க்கிற உன் புருஷன் கண்ணில் படக்கூடாது என்று திருவிழாவுக்கு முந்தின நாள் பெட்டியிலிருந்து எடுத்து நானே வைத்துத் தைத்திருக்கிறேன். அன்று உன் மகள் அந்தக் காகிதத்தை முதுகில் சுமந்துகொண்டுதான் தெரு முழுக்க நடந்திருக்கிறாள்.

பச்சைப் பெட்டியை நீ எடுத்துப்போனது உண்மை. காலியான பெட்டியில் வழிக்கு வளையப் பிஸ்கோத்து போட்டு உன் கையில் கொடுத்தது நான். எண்ணி நாற்பத்திரண்டு. இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது.

மோராவை வரச்சொல்லி, கோர்ட்டில் சொன்னதை மாற்றவேண்டுமா என்று கேட்டேன். "பெட்டியில காகிதம் இருந்துதுன்னு சொன்னது தப்பு, அதை நான் நீதிபதிக்கு எழுதிடறேன். போன்ல அவர் சொன்ன வார்த்தை தப்பில்லையே?" என்றாள். இல்லை என்றேன். நத்தாலியாவின் கவுன் நீலம் என்பதும் தப்பில்லை, அதையும் சேர்த்து எழுது என்றேன்.

காகிதத்தை அவள் கொண்டுபோய்விட்டாள். வியாழக்கிழமை நீதிபதி அம்மாள் சொன்னால் அன்றே அங்கே உங்கள் பக்கத்திலேயே வாசலைத் திறந்து விட்டுவிடுவார்களாம். படகு பூட்ஸோடு, கையில் ஒன்றும் இல்லாமல் வருவான். நீ போய் நில். சுவரோரமாக நிற்காதே, அவன் பார்க்கிற இடத்தில் நில். உன்னை அவனுக்கு அடையாளம் தெரியாது, ஆனால் உனக்கும் என் மூக்குதான், கண்டுபிடித்துவிடுவான்.

பசியோடு இருப்பான். அந்தப் பெட்டி இன்னும் இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு போ. நான் அதைக் காலியாகக் கொடுக்கவில்லை. நீயும் கொடுக்காதே.