ஆகஸ்டு மாதம்வரை இன்ஜினைப் பிரித்துவைத்த உங்கள் தம்பி

லூகோ
ஆகஸ்டு 27

மதிப்பிற்குரிய ஆர்ஜியா அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி நீவெஸ் பணிவன்புடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம், மகள் மிலேனா நலம், அவளுடைய கல்யாண உடையும் நலம். உங்கள் தம்பி துயிலியோவின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீங்கள் அனுப்பிய அத்திப்பழ ஜாம் வந்து சேர்ந்தது. ஜாம் எங்கள் வயிற்றில் இருக்கிறது, பாட்டில்களில் இப்போது நட்டும் போல்ட்டும் இருக்கின்றன. உங்கள் முழங்கால் வலிக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்கிறது என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் மாதம் கொட்டகையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை டிரெய்லரில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தீர்கள் அல்லவா, கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அதே கார், அதை மிலேனாவின் கல்யாணத்துக்கு முன்னால் அதே டிரெய்லரில் திரும்ப எடுத்துக்கொண்டு போகும்படி உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் பச்சை நிறத்தில் இன்னொன்றும் நிற்கிறதாமே, அதைப் பற்றி இவரிடம் மூச்சுக்கூட விட வேண்டாம்.

நான் பொறுமைசாலி என்பது உங்களுக்கே தெரியும். கார் வந்த அன்று இவர், "ரெண்டே வாரம் நீவெஸ், கொஞ்சம் துடைக்கணும், கொஞ்சம் பெயிண்ட் அடிக்கணும், அவ்வளவுதான்" என்றார். சர்க்கரை ஆலையில் கொதிகலனைக் கட்டி மேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதர், கைக்கு ஒரு வேலை இருக்கட்டுமே என்று நானும் தலையாட்டிவிட்டேன். மே மாதத்தில் கார் இருந்த இடத்தில் ஒரு எலும்புக்கூடுதான் இருந்தது; கார் வீடு முழுவதும் இருந்தது. இருக்கைகள் மிலேனாவின் அறையில், கதவுகள் கட்டிலுக்கு அடியில், கியர் பெட்டி குளியல் தொட்டியில். நாங்கள் சமையலறைத் தொட்டியில் தலைக்குக் குளித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லசான்யா வைக்கலாம் என்று ஓவன் அடுப்பைத் திறந்தால் உள்ளே வரிசையாகப் பிஸ்டன்கள் உட்கார்ந்திருக்கின்றன. கத்தினேன். "கத்தாதே, சூடு பண்ணினாத்தான் அதோட இரும்புப் பின்னு உள்ளே வழுக்கிக்கிட்டுப் போகும், இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்கிறார், என்னமோ ரொட்டி வெந்துகொண்டிருப்பதுபோல. அன்றைய லசான்யாவில் கிரீஸ் வாசனை அடித்தது. மிலேனாவைக் கட்டிக்கொள்ளப்போகிற பையன் பாவம், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். அப்போதே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இதெல்லாம்கூடப் போகட்டும். இவர் சதுக்கத்துக் காபிக்கடையில் சீட்டாடும்போது, எல்லார் முன்னாலும், "என் மகளை அந்தக் கார்ல வச்சு நானே கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டார். நம் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இன்ஜினைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அன்றிலிருந்து ஊரே எங்கள் வாசலில். "துயிலியோ, இந்தச் சிவப்பு அந்தச் சிவப்பு இல்லப்பா" என்று ஒருவர். "இது ஓடாது, ஓடினாலும் நிக்காது" என்று இன்னொருவர். பங்குச் சாமியார் தோன் லீனோவும் வந்து பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நான் ஜெபம் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உங்கள் தம்பியிடம் கேள்வி கேட்டது சண்டை பிடிக்கத்தான் அண்ணி, சத்தியமாக. "ஒரு இன்ஜினுக்கு எதுக்குங்க ரெண்டு கார்புரேட்டர்? காத்தையும் பெட்ரோலையும் கலக்க ஒண்ணு போதாதா?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு மூக்குல ரெண்டு ஓட்டை?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் கோயிலில் ஆர்கன் வாசிக்கும்போது அதே நினைப்பு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? ஒன்று கூடுதலாக இழுத்தால் என்ன ஆகும்? அந்த யோசனையில் காணிக்கைப் பாட்டில் ஒரு அடியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன், ஜனங்களும் இரண்டு தடவை பாடினார்கள். வீட்டுக்கு வந்து இதையும் சண்டையாகத்தான் கேட்டேன். இவர் சண்டை என்று தெரியாமல் உற்சாகமாக வரைந்து காட்டிவிட்டார்.

இனிமேல்தான் பெரிய கூத்து. ஜூலை கடைசியில், ஏற்கெனவே கழற்றி வைத்திருந்த ஹெட்டை, அதுதான் இன்ஜினின் மேல்மூடி, மட்டம் பார்த்துத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி லேத் பட்டறை ஜெர்மானோவிடம் விட்டுவிட்டு வந்தார். "நாளைக்கு வா" என்றான் ஜெர்மானோ. இவர் நாளைக்குப் போகவில்லை, வீட்டில் டேஷ்போர்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்துப் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. 'விடுமுறை. செப்டம்பர் 7 திறக்கப்படும்' என்று அட்டை தொங்குகிறது. கல்யாணம் ஐந்தாம் தேதி! அறுபத்தாறு வயது, பிறந்ததிலிருந்து இதே நாடு. ஆகஸ்டு மாதம் நாடே பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்பது உங்கள் தம்பிக்கு மட்டும் மறந்துபோயிற்று. காபிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் கேஸ்கட் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்க்கச் சகிக்கவில்லை. "கிளம்புங்க, செர்வியா கடற்கரைக்குப் போய் ஜெர்மானோவைப் பிடிப்போம்" என்றேன். விண்ணேற்பு மாதா திருநாள் அன்று, ரயிலில், நின்றுகொண்டே போனோம். கடற்கரையில் ஆயிரக்கணக்கில் குடைகள், ஆனால் ஜெர்மானோவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கல்யாணம் ஆனதிலிருந்து வருஷா வருஷம் அதே இடத்துக் குடைதானே. ஜட்டியோடு சாய்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தவன் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"ஏன் துயிலியோ, யாராச்சும் செத்துட்டாங்களா? ஷூ போட்டுக்கிட்டு மணல்ல வர்றே!"

"என் ஹெட்டு வேணும்டா."

"அது எப்பவோ ரெடி. பட்டறையில மேஜை மேல இருக்கு. ஏழாம் தேதி வா."

"டேய், அஞ்சாம் தேதி கல்யாணம்டா!"

"அதுக்கு? மாதா திருநாள்ல கடை தொறந்தேன்னு ஊர்ல தெரிஞ்சா என் மானம் என்ன ஆகுறது? ஜெர்மானோவுக்கு அப்படி என்ன பணக் கஷ்டம்னு கேப்பானுங்க."

அவன் மனைவிதான் இடையில் புகுந்து எங்களை உட்காரவைத்து மீன் வறுவல் கொடுத்தாள். சாப்பிட்டதும் அவன் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்றான்; சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று அவள் பிடித்துவைத்துக்கொண்டாள். காத்திருந்தோம் அண்ணி, ஷூவைக் கழற்றாமல். பிறகு அவன் காரிலேயே ஊருக்கு வந்து, யாரும் பார்க்காதபடி ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கடற்கரைச் செருப்போடு தவழ்ந்து உள்ளே போய், ஹெட்டைக் கடற்கரைப் பையில் துண்டு சுற்றி எடுத்துக் கொடுத்தான். வழியில் எதிர்ப்பட்ட தோன் லீனோ, "கடல் எப்படி?" என்று கேட்டார். "கனமா இருந்துச்சு சாமி" என்றார் உங்கள் தம்பி.

தக்காளிச் சாறு காய்ச்சுகிற என் பெரிய அண்டாவில் அவர் போல்ட் கழுவியதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இந்த வருஷம் சாறு கொஞ்சம் கறுப்பாக வரும், கேள்வி கேட்காதீர்கள்.

நேற்று இன்ஜின் கிளம்பியது. வாசலில் கைதட்டல். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கேயே எனக்குக் கேட்டது: இரண்டு கார்புரேட்டரும் ஒரே சுருதியில் இல்லை, பின்னால் உள்ளது அரைச் சுரம் கீழே. கீழே வந்து பார்த்தால் இவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கிறார். வலது காதில் வைக்கிறார், இடது காதுக்கு மாற்றுகிறார், திரும்ப வலது. "பிரமாதம், ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார். வலது காதைச் சர்க்கரை ஆலை எப்போதோ தின்றுவிட்டது, இடதும் பாதிதான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அவர் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். சிரித்துக்கொண்டே அவர் குழாயைச் சுருட்டி வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே வண்டியைச் சதுக்கம்வரை ஓட்டினார். காபிக்கடை வாசலில் இருமி நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "ஜெபத்தைக் கூட்டிக்கறேன்" என்றார் தோன் லீனோ.

அதனால்தான் கேட்கிறேன். ஐந்தாம் தேதி சனிக்கிழமை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்க என்னால் ஆகாது. டிரெய்லரை அனுப்புங்கள். அக்கா கேட்டுவிட்டாள், மறுக்க முடியவில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். அவர் மரியாதையும் போகாது.

உங்கள் முழங்காலுக்கும் கோழிகளுக்கும் மாதாவின் ஆசி கிடைக்கட்டும். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுங்கள், தொட்டியில் இப்போது குளிக்கலாம்.

என்றும் உங்கள் அன்புள்ள,
நீவெஸ்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடப் போகிற வழியில் காரைக் கடந்துதானே போகவேண்டும்? இவர் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா, அது எப்படித்தான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள, குழாயை என் காதில் வைத்துப் பார்த்தேன். அண்ணி, ஆர்கன் குழலுக்குள் காற்று ஏறுகிற அதே சத்தம்! "ஏங்க, பின்னால உள்ள திருகைக் கொஞ்சம் திருப்புங்க" என்றேன். பாடகர் குழுவுக்குக் காட்டுவதுபோல் விரலை உயர்த்தினால் கூட்டினார், தாழ்த்தினால் குறைத்தார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் காதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டும் ஒரே சுரத்துக்கு வந்ததும் அவர் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப நடுங்கல நீவெஸ்" என்றார். சதுக்கத்தை மூன்று முறை சுற்றிவந்தோம். சனிக்கிழமை மிலேனாவை அவர்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்.

டிரெய்லரை எப்படியும் அனுப்புங்கள். ஆனால் காலியாக வேண்டாம், வைக்கோலுக்குப் பின்னால் உள்ள பச்சையை ஏற்றி அனுப்புங்கள். இவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குக் கார்புரேட்டர் மூன்று என்கிறார்களே, உண்மையா?